ஸ்தோத்திரத்தோடு வந்த மொட்டைக் கடிதம்

இன்றைக்கு நிம்மதியாக உட்கார்ந்து சிரிக்க முடிகிறது. அன்றைக்கு வயிறு எரிந்தது. எங்கள் மகளுக்கு வந்த இரண்டு வரன்கள் மொட்டைக் கடிதத்தால் முறிந்தன. இரண்டாவது வரன் வீட்டார் நல்லவர்கள். வேண்டாம் என்று சொன்னதோடு அந்தக் கடிதத்தையும் எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பெண்ணுக்கு வலிப்பு இருக்கிறது, மறைத்துக் கட்டிவைக்கப் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்தது. பெயர் இல்லை. எழுத்தையும் கோணல்மாணலாக மாற்றியிருந்தார்கள். ஆனால் தாளின் தலைப்பில் சின்னதாக ஒரு சிலுவை, அதற்குக் கீழே, "கர்த்தருக்குள் பிரியமானவர்களுக்கு ஸ்தோத்திரம்!"

யார் என்று உடனே தெரிந்துவிட்டது. எங்கள் கடலூர் சபையின் செயலாளர், என் கணவருக்குப் பெரியப்பா மகன். தன் மச்சான் மகனுக்கு எங்கள் பெண்ணைக் கேட்டார், நாங்கள் மறுத்தோம். சபைக் கடிதங்களை எழுதி எழுதிப் பழகிய கை. கெடுதல் செய்யும்போதுகூட ஸ்தோத்திரம் சொல்லாமல் அவருக்குப் பேனா நகரவில்லை.

சத்துருவை நேசிக்க வேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் நான். அந்த வாரம் நான் செய்த ஜெபம் வேறு. மனுஷன் வண்டியிலிருந்து விழுந்து வலது கை ஒடிந்தால் போதும் என்றுதான் கேட்டேன். ஆண்டவர் அதற்குக் காது கொடுக்கவில்லை.

சிதம்பரத்திலிருந்து மூன்றாவது வரன் வந்தது. பையனை மகளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. இதுவும் போனால் இனி யாரையும் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு இரு வீட்டாரின் சபையிலும் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், ஆட்சேபணை உள்ளவர்கள் சொல்லலாம் என்று எல்லார் முன்னாலும் கேட்பார்கள். செயலாளரிடம் எதையும் ஒளிக்க முடியாது. "ஓலையே இல்லாம பண்ண வழி இருக்கா?" என்று கணவரிடம் கேட்டேன்.

"எதுக்கு ஒளியணும்? அவரு எழுதுறதுல பாதி நெசம் இருக்குதுல்ல. அத நாமளே போயி சொல்லிட்டா, அப்பறம் அவரு கையில என்னா இருக்கு?" என்றார்.

சுருக்கென்று தைத்தது. மகளுக்கு நான்கு வயதில் இரண்டு தடவை காய்ச்சலோடு வலிப்பு வந்தது உண்மை. பிறகு வரவே இல்லை. முதல் இரண்டு வீட்டாரிடமும் அதைப் பற்றி நாங்கள் மூச்சுவிடவில்லை. கெடுக்க நினைத்தவருக்குக் கதவைத் திறந்து வைத்தது நாங்கள்தான்.

முதல் ஓலைக்கு முந்தின புதன்கிழமை பஸ் ஏறிச் சிதம்பரம் போனேன். பழைய மருந்துச் சீட்டுகளைப் பையனின் அம்மாவிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வரும் என்பதையும் சொன்னேன். எழுதுபவர் யார் என்று மட்டும் சொல்லவில்லை. அது என் வாயால் வர வேண்டாம் என்று இருந்தது. அவர் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இப்ப நல்லாதான இருக்கா?"

"நல்லா இருக்கா."

"அப்பறம் என்னா? காபி ஆறுது, குடிங்க சம்பந்தி."

முதல் ஓலை வாசித்த வாரமே பையனின் அம்மாவிடமிருந்து போன் வந்தது. "லெட்டர் வந்துடுச்சி சம்பந்தி! நீங்க ரெண்டு தடவன்னீங்க, இதுல மாசாமாசம்னு ஜாஸ்தியா போட்டிருக்கு" என்று சிரித்தார். நானும் வெகுநாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

மூன்றாம் ஞாயிறு போதகர் வெளியூர் போயிருந்ததால் ஓலையைச் செயலாளரே வாசிக்க வேண்டியதாயிற்று. ஆட்சேபணை என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டார். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு மீதியை வாசித்தார். நன்றாக வேண்டும் என்று நினைக்கத்தான் எனக்கு ஆசை. ஆனால் பாவமாக இருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் மகள் கல்யாணப் பத்திரிகையோடு நேராக அவரிடம் போனாள். எனக்குப் பக்கென்றது. கொடுத்துவிட்டு, சிரித்த முகத்தோடே சொன்னாள்.

"பெரியப்பா, இனிமே சிதம்பரத்துக்கு எனக்கே லெட்டர் எழுதுங்க. பேரு போட்டே எழுதுங்க. நான் பதில் போடுறேன்."

அவர் பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "பேரு போட்டே எழுதுறேம்மா" என்றார்.