சாம்பாருக்குப் போன கனடா நாணயங்கள்

அபுதாபியில் எங்கள் பில்டிங்கில் எனக்கு நேர் மேல்வீட்டில் ஒரு கோயம்புத்தூர்க்காரர் குடியிருந்தார். ஒரே கம்பெனி, ஒரே சம்பளம், ஒரே வண்டியில்தான் முசஃபா சைட்டுக்குப் போய் வருவோம். இருவருக்கும் பைத்தியமும் ஒன்றுதான். கனடா நாட்டு நாணய செட்டுகள்.

எழுபதுகளில் எங்கள் ஆபீஸின் தலைமை இன்ஜினியர் ஒரு கனடாக்காரர். அவர் லீவில் போய்த் திரும்பும்போது தன் ஊர்க் கடையிலிருந்து ஆளுக்கொரு பழைய செட் வாங்கி வந்து கொடுக்க, அப்படிப் பிடித்த கிறுக்கு. ‘ப்ரூஃப்-லைக்’ என்பார்கள். கடைத்தெருவில் புழங்குவதற்கல்ல, சேகரிப்பவர்களுக்கென்றே மெருகாக அடித்தவை. ஒரு சென்ட்டிலிருந்து வெள்ளி டாலர் வரை ஆறு காசும் ஒரே உறையில் இருக்கும். முகம் பார்க்கலாம், அப்படிப் பளபளக்கும். விரல் பட்டால் போச்சு.

வாங்கிச் சேர்ப்பது யாராலும் முடியும். பார்க்கத் தெரிய வேண்டும், அது எனக்குத் தெரியும். உறையைப் பிரிக்காமல் மேசை விளக்கடியில் சாய்த்துப் பிடித்து, காசில் பொறித்த இங்கிலாந்து ராணியின் கன்னத்தில் கீறல் உண்டா, டாலரின் பின்பக்கப் படகுக்குக் கீழே பாலாடை மாதிரி மங்கல் உண்டா என்று லென்ஸ் வைத்துப் பார்ப்பேன். மேல்வீட்டுக்காரர் “நல்லா மின்னுதுங்க” என்பதோடு சரி. ஆனால் ஒரே கடையில் வாங்கிய இரண்டு செட்டில் கீறல் இல்லாதது எப்போதும் அவர் கைக்கே போகும். என் ராணிக்குத் தாடையில் ஒரு கோடு கட்டாயம் இருக்கும். ஒன்றும் தெரியாத மனுஷனுக்கு எதற்கு இத்தனை அதிர்ஷ்டம் என்று நான் கரித்துக் கொட்டாத நாள் இல்லை.

கனடாக்காரர் ஒரேயடியாக ஊர் திரும்புவதற்கு முன் எங்கள் இருவரையும் வீட்டுக்கு அழைத்து, தன் சொந்த செட் ஒன்றைக் காட்டினார். ஐம்பத்து நான்காம் வருடத்தது. வெள்ளை அட்டையில் ஆறு காசையும் பதித்து, மேலே கண்ணாடித்தாள் போர்த்தியது. அதிலிருந்த சென்ட்டின் மேல் என் லென்ஸை வைத்தேன். ராணியின் தோளில் துணி மடிப்பு இல்லை. அந்த வருடம் அப்படி அடித்த சென்ட்டுகள் இந்த மாதிரி செட்டுகளுக்குள் மட்டும்தான் போயின. வெளியே புழங்கியவற்றில் மடிப்பு இருக்கும். நான் அதைச் சொன்னதும் கனடாக்காரர் லென்ஸைப் பிடுங்கிப் பார்த்தார். அவருக்கே அது தெரிந்திருக்கவில்லை. “உங்கள் இருவரில் ஒருவருக்கு இதைக் கொடுத்துவிட்டுப் போகிறேன்” என்றார். எனக்குத்தான் என்று நிச்சயமாக இருந்தேன். அலமாரியில் இடம்கூட ஒதுக்கிவிட்டேன்.

மேல்வீட்டுக்காரருக்குக் கொடுத்தார். காரணம் சாம்பார். தனியாக இருந்த அந்த மனிதருக்கு, மேல்வீட்டுக்காரரின் மனைவி வாராவாரம் இட்லியும் சாம்பாரும் கொடுத்தனுப்பியிருக்கிறார். “அந்தச் சாப்பாட்டுக்கு இதுகூடப் போதாது” என்று சொல்லிக் கொடுத்தாராம். என் கண்ணுக்கு மதிப்பில்லை, அவர்கள் வீட்டுப் பெருங்காயத்துக்கு இருக்கிறது. அதன் பிறகு வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியே மணலையே பார்த்துக்கொண்டு போனேன். “இன்னும் எத்தனை நாளைக்குப் பொகையப் போறீங்க? எனக்கே கண்ணு எரியுது” என்றாள் என் மனைவி.

ஆடி மாதம், ஒரு சாயங்காலம் அவர் படியிறங்கி வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பீற்றிக்கொள்ள வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“ஏனுங்க, ஆடி வெள்ளிக்கு வீட்டுல அந்த செட்டப் பிரிச்சுட்டாங்க” என்றார்.

“பிரிச்சு?”

“சாமிக்கு வெக்கோணும்னு வெள்ளிக் காசெல்லாம் திருநீறு போட்டுத் தேச்சிருக்கறா. சென்ட்டு செம்புங்களா, அதுக்குப் புளி.”

ஊரில் வெள்ளிக் குத்துவிளக்கையும் செம்புக் குடத்தையும் எப்படித் துலக்குவார்களோ அப்படியே, ஒரு குறையும் வைக்காமல் செய்திருக்கிறார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு சந்தோஷம். உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டேன்.

“பாத்ததும் என் மூஞ்சி ஒரு நிமிசம் சுண்டிப்போச்சுங்க. அத அவ பாத்துட்டா. அன்னையிலிருந்து சோறு எறங்கல. ஒண்ணுமே கெடலைன்னு சொன்னா, சமாதானத்துக்குச் சொல்றேன்னு அழுகறா. நீங்க ஒருக்கா வந்து நல்லா இருக்குதுன்னு சொல்லோணும்.”

“நீங்க சொல்லி நம்பாதவங்க நான் சொன்னா நம்புவாங்களா?”

அவர் கொஞ்சம் தயங்கினார். “தப்பா நெனைக்காதீங்க. எங்களுக்கு ஒரு நல்லது வந்தா உங்க மூஞ்சி போற போக்கு பில்டிங்குக்கே தெரியுமுங்க. நீங்களே நல்லா இருக்குதுன்னு சொன்னா, அப்புறம் அது நெசமாத்தானே இருக்கோணும்?”

அவர் குரலில் குத்தல் இல்லை. ஸ்பேனர் இரவல் கேட்கும் பாவனையில்தான் கேட்டார். காது மடலெல்லாம் சுட, அவர் பின்னால் படியேறினேன்.

சாமி அலமாரியில், படங்களுக்கு முன்னால், தட்டில் வரிசையாக வைத்திருந்தார்கள். டாலரின் கண்ணாடி மெருகு முழுக்கப் போய்விட்டது. மயிரிழை மயிரிழையாக வட்டக் கோடுகள். சென்ட் புளி பட்டு இளஞ்சிவப்பாக வெளுத்திருந்தது. மடிப்பில்லாத அந்தத் தோளில் ஒரு குங்குமப் பொட்டு. சல்லிக்காசு பெறாது இனி.

அந்த அம்மா கதவோரம் நின்றார். கண் வீங்கியிருந்தது. “கெட்டுப் போச்சுங்களாண்ணா?”

நான் திரும்பி மேல்வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் காசுப் பக்கமே திரும்பவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இதே காரியம் கீழ்வீட்டில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் மாதக்கணக்கில் பேசியிருக்க மாட்டேன். என் மனைவியும் அதற்காக யாரிடமும் போய் அழுதிருக்க மாட்டாள். என்னிடம் வேறு எதையும் அவள் எதிர்பார்த்திருக்கவும் மாட்டாள். இப்படி ஒரு முகம் அவளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் என்று நினைத்திருக்கவே மாட்டாள்.

“ஒண்ணும் கெடலம்மா” என்றேன். “என்கிட்ட இருக்கறது எதுவும் இதுக்குப் பக்கத்துல வர முடியாது.”

அந்த அம்மா என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். தேடிய புகைச்சல் அங்கே இருந்தது போலும். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காபி போட உள்ளே போனார்.