கங்காணிக்குக் கிடைத்த கோட்டு

எங்கள் தோட்டத்தில் அந்த வெள்ளைக்காரச் சண்டையைப் பற்றி யாரிடம் கேட்டாலும் எங்களை வேலை வாங்கிய கங்காணியின் கோட்டைத்தான் சொல்வார்கள். அரிசி வராத காலத்தில் கிழங்கு போட்டு லயத்து வரிசைவீட்டுச் சனங்களைக் காப்பாற்றினாராம், அதற்காகத் துரை தன் கையாலேயே கறுப்புக் கோட்டை மாட்டிவிட்டாராம். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த மனிதர் ஒரு குச்சியைக்கூட மண்ணில் ஊன்றவில்லை.

மலாயாவில் பகாவுக்குப் போகும் பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். ஜெர்மன்காரனோடு வெள்ளைக்காரன் போட்ட அந்தச் சண்டை கடலுக்கு அப்பால் எங்கோ நடந்தது. ஆனால் கப்பல் குறைந்தது, ரங்கூன் அரிசி குறைந்தது, தோட்டத்துக் கடையில் அளக்கிற அரிசி பாதியானது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுவதை மட்டும் யாரும் பாதியாக்கவில்லை. சண்டைக்கு ரப்பர் வேண்டுமாம், இன்னும் வெட்டுங்கள் என்றார்கள்.

அப்போது என் கையில் தலைப்பிள்ளை, பல் முளைக்கிற வயசு. அரைவயிற்றுக் கஞ்சியில் எனக்குத் தாய்ப்பால் வற்றிவிட்டது. பிள்ளை முதலில் அழுதான், பிறகு அழுவதையும் விட்டுவிட்டான். அழாத பிள்ளையைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது. இவனை எப்படியாவது பிழைக்க வைக்க வேண்டும், வேறு நினைப்பே இல்லை.

கிழங்கு போட்டால் தப்பிக்கலாம் என்று எல்லோருக்கும் தெரியும். ரப்பர் மரங்களுக்கு நடுவே போடத் துரை விடவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பம் என்கிற மலாய்க்காரர் கிராமத்தில் ஒரு நிலம் புதர் மண்டிக் கிடந்தது. கங்காணியும் நாலு ஆம்பிளைகளும் தலைப்பாகை கட்டிக்கொண்டு அந்த நிலத்து வீட்டுக்காரரைப் பார்க்கப் போனார்கள். அவர் உட்காரவைத்துத் தேத்தண்ணீர் கொடுத்து, "நிலம் என்னுடையது இல்லை, என் மனைவியுடையது, அவளைக் கேளுங்கள்" என்றாராம். இவர்கள் அதைத் தட்டிக்கழிக்கிற பேச்சென்று எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

"பொண்டாட்டி முந்தானைக்குப் பின்னால ஒளியிறான் லா! நான் போயி ஒரு பொம்பளகிட்டக் கையேந்தணுமா?" என்று கங்காணி லயத்து வாசலில் நின்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வீட்டுக்காரி லயத்துக்கு வெற்றிலை விற்க வருகிறவள், எனக்குப் பழக்கம். தங்கள் பக்கத்தில் வீடும் நிலமும் தாயிடமிருந்து மகளுக்குத்தான் போகும், புருஷன் வந்து குடியிருக்கிறவன் என்று அவளே ஒருநாள் சொல்லியிருக்கிறாள். அந்த மனிதர் உள்ளதைத்தான் சொல்லியிருந்தார்.

மறுநாள் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆற்றைக் கடந்தேன். வீட்டுப்படியில் உட்கார்ந்திருந்தவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையைக் கையில் வாங்கி மணிக்கட்டைத் தடவினாள், முகம் மாறிவிட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் நிலம் என்றேன், கிழங்கு என்றேன், அதற்குமேல் வார்த்தை வராமல் அழுதுவிட்டேன். அவள் உள்ளே போய் வாழைப்பழத்தை மசித்து வந்து பிள்ளைக்கு ஊட்டினாள். பிறகுதான் நிலத்தைக் காட்டினாள். "உனக்குத்தான் தருகிறேன். உங்கள் ஆட்களிடமும் அப்படியே சொல்லிவிடு" என்றாள். கிழங்கு விளைகிறவரை அவளுடைய வெற்றிலைக் கூடையில் என் பிள்ளைக்குப் பழம் வந்துகொண்டிருந்தது.

லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்தார்கள். விடியுமுன் பால்வெட்டு, மத்தியானத்துக்கு மேல் மண்வெட்டி. மரவள்ளி முற்ற நாளாகும் என்று சர்க்கரைவள்ளிக் கொடியும் சேர்த்துப் போட்டோம். புதர் வெட்ட என் புருஷன் வந்தார், அதை மறைக்கக் கூடாது. பன்றியை விரட்டத் தகரம் தட்டித் தட்டிக் காது அடைத்துப்போனது எங்களுக்குத்தான்.

கங்காணி ஒரே ஒருமுறை வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்று, "ஏ புள்ள, வரிசை கோணுது பாரு" என்று கைத்தடியை நீட்டினார்.

"வயித்துக்குள்ள போனா நேராயிரும் கங்காணி, நீங்க வெயில்ல நிக்காதீங்க" என்றேன். அவ்வளவுதான் அவருடைய விவசாயம்.

முதல் கிழங்கை வேகவைத்து உப்பு மிளகாய் தொட்டுத் தின்ற அன்று லயம் முழுக்கச் சாப்பிடுகிற சத்தம்தான். கொஞ்ச நாளில் என் பிள்ளை மறுபடியும் அழ ஆரம்பித்தான். லயமே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி அழுதான். நான் அவனைச் சமாதானப்படுத்தவே இல்லை, கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

சண்டை முடிந்ததும் ஆபீஸ் முன்னால் கூட்டம் போட்டார்கள். கிழங்கு போட்டது தான்தான் என்று கங்காணி கணக்கெழுதும் கிராணியிடம் சொல்ல, கிராணி துரையிடம் சொல்ல, கோட்டு கங்காணி தோளில் ஏறியது. நாங்கள் பின்னால் நின்றோம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது, வாய் மட்டும் திறக்கவில்லை. வெற்றிலைக் கூடையோடு வந்திருந்த அந்த மலாய்ப் பெண் கோட்டு எதற்கென்று பக்கத்தில் கேட்டாள். கேட்டதும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "நிலத்தை நான் ஒரு பெண்ணுக்குக் கொடுத்தேன். இவர் யார்?" என்று துரையிடமே கேட்டாள். துரைக்கு மலாய் தெரியும். அவர் கோட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், சிரித்து வைத்தார். கங்காணி குனிந்து பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

அவள் அதற்குமேல் அங்கே நிற்கவில்லை. என்னைத் தேடி வந்து, "மானா அனாக்?" என்றாள், பிள்ளை எங்கே என்று. அந்தக் கூட்டத்தில் அதைக் கேட்டது அவள் ஒருத்திதான். தூக்கிக் கொடுத்தேன். மணிக்கட்டைத் தடவிப் பார்த்தாள், எலும்பு தட்டுப்படவில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, இன்று நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவன் அந்தப் பிள்ளைதான். கங்காணி செத்துப்போய்விட்டார், கோட்டுப் பேச்சை விட்டுவிடலாமே அம்மா என்கிறான். சொன்னதை எழுதுடா என்றேன்.