மாடியில் காய்ந்த இத்தாலி மாவு

பழனியில் என் புகுந்த வீட்டுக்குக் கோயில் கைங்கரியம் உண்டு. சுத்தபத்தத்தில் என் மாமியாரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. அவருடைய மொட்டைமாடியில், ஐம்பதுகளின் கடைசியில், இத்தாலிக்காரர் வீட்டு மாவு காய்ந்தது என்றால் இன்றைக்கும் எங்கள் தெருவில் யாரும் நம்புவதில்லை.

என் வீட்டுக்காரர் கொடைக்கானலில் பேரிக்காயும் பிளம்ஸும் வாங்கி லாரியில் கொண்டுவந்து விற்றுவந்தார். அவருக்குப் பழம் கொடுத்த தோட்டத்தில் ஓர் இத்தாலிக் குடும்பம் இருந்தது. மாமியார், மகன், மருமகள். அந்த மருமகள் அவர்கள் ஊர்ச் சேமியாவுக்காக மாவு பிசைந்து, தேய்த்து, நாடா நாடாவாக அறுத்துக் காயவைப்பாராம். அந்த மூடுபனியில் என்ன காயும்? பூசணம்தான் பூக்கும். "எங்க மாடியில போட்டா வத்தல் மாதிரி வெரசா காஞ்சிரும்" என்று இவர் பெருமையடித்துவிட்டு வந்தார். பெருமை இவருக்கு, குரங்கு விரட்டுகிற சோலி எங்களுக்கு.

முதல் கூடை வந்ததும் என் மாமியார், "இதுல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டார்.

"மாவும் முட்டையும்" என்று இவர் சொல்லி முடிப்பதற்குள் கூடை வாசலுக்குப் போய்விட்டது.

"முட்டை போடாம செஞ்சா வரட்டும். இல்லாட்டி பனியிலயே கெடக்கட்டும்."

இத்தாலி மருமகள் வருத்தப்படுவார் என்று நினைத்தோம். அவரோ அடுத்த லாரியிலேயே ஏறி வந்து என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தாய்வீட்டில் தலைமுறை தலைமுறையாகக் கோதுமை ரவையும் தண்ணீரும்தானாம், முட்டையே சேர்ப்பதில்லை. புகுந்த வீட்டிலோ முட்டை இல்லாதது சாப்பாடே இல்லை. கல்யாணமான நாள்முதல் மாமியார் பக்குவம்தான். "இனிமே நான் சொல்லும், பழனி அம்மா முட்டை வேண்டாம் சொல்லுது" என்றார், சந்தையில் கற்ற தமிழில். ஒரு மாமியாரை மடக்க இன்னொரு மாமியாரைப் பிடித்த சாமர்த்தியம்! எனக்குப் பொறாமையாக இருந்தது.

இங்கே மாவு காயக் காய அங்கே சண்டை முற்றியது. ஒருநாள் இத்தாலி மாமியாரே மருமகளை இழுத்துக்கொண்டு காரில் வந்து இறங்கினார். மாடியேறி, ஒரு பட்டையை ஒடித்துக் கடித்துப் பார்த்து, கத்தத் தொடங்கினார். மருமகள் தலைகுனிந்து நின்றார். பாஷை புரியாவிட்டால் என்ன, அந்தக் குரல் எனக்கு நல்ல பழக்கம்.

என் மாமியாருக்குச் சுருக்கென்றது. தான் குடைபிடித்துக் காவல் காத்ததை ஒருத்தி குறை சொல்வதா? "அந்தப் புள்ள நல்லாத்தான் செஞ்சிருக்கு. வேகவச்சுத் தின்னு பாத்துட்டுப் பேசுங்க" என்றார். மருமகள் அதை அவர்கள் பாஷையில் சொன்னார்.

எங்கள் அடுப்பிலேயே வேகவைத்து, தக்காளியும் நெய்யும் சேர்த்து இத்தாலி மருமகள் பரிமாறினார். அவர் மாமியார் முகத்தைச் சுளித்தபடியே தின்று முடித்தார். பிறகு தட்டை மறுபடியும் நீட்டினார். மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டார்.

அவர்கள் போன பிறகும், "தாய்வீட்டுப் பக்குவம்னா அதுக்கு ஒரு ருசிதான்" என்று என் மாமியார் வாய் ஓயாமல் பாராட்டிக்கொண்டிருந்தார். இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்து, "நாளைக்கு எங்கம்மா வைக்கிற புளிக்குழம்ப வைக்கட்டுங்களா அத்தை?" என்றேன்.

அவர் அடுப்பு விறகை வெளியே இழுத்து அணைத்தார்.

"எங்காத்தா குழம்பையே நான் இந்த அடுப்புல ஒருநாளும் வச்சதில்லயே" என்றார்.