கவிழ்த்து வைத்த பதினொரு பரிசல்

“பங்குனி 23, வியாழன். பிற்பகல் 3.10க்கு மேற்கிலிருந்து காற்று. 3.35க்கு மழை, இருபது நிமிடம். 4.30க்கு எண்ணினேன். கரையில் பரிசல் பதினொன்று. எல்லாரும் வந்துவிட்டார்கள்.”

என் குறிப்பேட்டில் என் கையெழுத்தில் இருப்பது இது. கடைசி வாக்கியம் தவறு. நான் அதை அடிக்கவில்லை. பக்கத்தில் சிவப்பு மையில் “தவறு” என்று எழுதி வைத்திருக்கிறேன்.

மேட்டூர் அணையின் தண்ணீர் பரந்து நிற்கும் கரையில், முப்பது வீடுகள் கொண்ட ஒரு மீனவர் குடியிருப்பில் அப்போது எனக்கு ஊர்ப்புற நூலகத்தில் வேலை. நான் சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவன். தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீச்சலும் தெரியாது. வேலைக்கு வந்த முதல் வாரம் மறுகரை தெரியாமல் பனி மூடியிருந்தது. கடலோரத்துக்கு மாற்றல் வாங்கி வந்துவிட்டோமோ என்று தோன்றியது. தெரியாத இடத்தில் என்னால் செய்ய முடிந்தது எழுதி வைப்பது. காற்று, மழை, தண்ணீர் எந்தக் கல் வரை நிற்கிறது, எந்த மாதம் என்ன மீன் வருகிறது என்று தேதி போட்டு எழுதத் தொடங்கினேன்.

பங்குனியில் அந்த ஊருக்குக் கரை நிலையாக இருக்காது. தண்ணீர் வாரத்துக்கு வாரம் உள்வாங்கும். விட்டுப்போன வண்டலில் வெள்ளரியும் நிலக்கடலையும் போடுவார்கள். நேற்று பரிசல் நின்ற இடத்தில் இன்று ஏர் ஓடும். பரிசல்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீரின் பின்னாலேயே போக வேண்டும். தெருவெல்லாம் தார் காயும் வாசனை அடிக்கும். மூங்கில் பின்னலின் மேல் உரச்சாக்கைத் தைத்து அதன் மேல் தார் பூசிய பரிசல்கள்தான் அங்கே. ஆண்டுக்கொரு முறை, மாரியம்மன் பண்டிகைக்கு முன், தகர டின்னில் தாரைக் காய்ச்சிப் புதிதாகப் பூசிவிடுவார்கள்.

பண்டிகைக்குக் கோயில் வாசலில் மூன்று கிளை விட்ட மரத்தை வெட்டி வந்து நடுவார்கள். அதைக் கம்பம் என்பார்கள். கம்பம் நட்ட நாளிலிருந்து அதைப் பிடுங்கித் தண்ணீரில் விடும் நாள் வரை ஊராருடைய வலை ஒன்றுகூடத் தண்ணீரில் கிடக்கக் கூடாது. அது அந்த ஊர்க் கட்டு. அதனால் கம்பம் நடுவதற்கு முந்தின நாள் பிற்பகல் எல்லாப் பரிசலும் ஒன்றாகப் போகும். அங்கங்கே போட்டிருக்கும் வலையை எல்லாம் சுருட்டிக்கொண்டு திரும்பும். மற்ற நாட்களில் விடியற்காலையில் போய் வெயில் ஏறுமுன் வந்துவிடுகிறவர்கள், ஆண்டில் அந்த ஒரு நாள்தான் கோடைக்காற்று கிளம்பும் நேரத்தில் நடுத் தண்ணீரில் இருப்பார்கள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கரையேறியவர் முதலில் பரிசலைக் கவிழ்த்து வைப்பார். பிறகுதான் மீனைப் பார்ப்பார். கவிழ்ந்த பரிசல் என்றால் ஆள் வீட்டுக்குப் போயாகிவிட்டது என்று பொருள். ஊரில் பரிசல் பதினொன்று. காற்று அடித்த நாளில் யாராவது ஒருவர் கவிழ்ந்தவற்றை எண்ணி, பதினொன்று என்று கத்திச் சொன்னால் பெண்கள் வாசலிலிருந்து உள்ளே போவார்கள். நூலகத்துப் படியிலிருந்து கரை முழுதும் தெரியும். நான் வேறு கையில் நோட்டும் பேனாவுமாக நிற்கிறவன். யாரோ ஒருமுறை “எத்தனைங்க சார்?” என்று கேட்டார். சொன்னேன். அதிலிருந்து அந்த வேலை எனக்கு வந்துவிட்டது. யாரும் என்னை நியமிக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பதினொரு பரிசலும் போயின. பரிசலுக்கு இரண்டு பேர், பெரும்பாலும் புருஷனும் பெண்டாட்டியும். ஒருவர் துடுப்புப் போட ஒருவர் வலை எடுப்பார். என் எதிர்வீட்டுக்காரர் மட்டும் தனியாகப் போனார். அவர் மனைவி அந்த ஆண்டு மாவிளக்கு எடுப்பதாக வேண்டிக்கொண்டு அரிசி இடித்துக்கொண்டிருந்தார். “ரெண்டே வலைதான், போன கையோட வந்துருவேன் புள்ள” என்று அவர் சொன்னது என் வீட்டு ஜன்னலுக்குக் கேட்டது.

காற்று மூன்று பத்துக்கு வந்தது. தண்ணீர் முதலில் கறுத்தது, பிறகு நுரைத்தது. நூலகத்தின் தகரக்கூரை அடித்துக்கொண்டது. இரண்டு பரிசல்கள் கரையேறுவதைப் பார்த்தேன். பிறகு மழை பிடித்துக்கொண்டு பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஆட்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார்கள். முகம் தெரியவில்லை. மழை விட்டு அரை மணி நேரம் கழித்து இறங்கிப் போய் எண்ணினேன். தெற்கிலிருந்து ஒரு முறை, வடக்கிலிருந்து ஒரு முறை. இரண்டு முறையும் பதினொன்று. நனைந்த தாரில் எல்லாம் ஒரே கறுப்பாக மின்னின.

கோயிலில் மைக்செட் கட்டியிருந்தார்கள். மைக்செட்காரரிடம் போய்ச் சொன்னேன். அவர் பாட்டைக் குறைத்தார்.

“பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. போன பரிசல் பூராவும் பத்தரமா கரைக்கு வந்தாச்சுங்க. மாவெளக்கு எடுக்கறவங்க அஞ்சரைக்குக் கோயலுக்கு வந்துருங்க.”

பாட்டு மறுபடி ஏறியது. நான் வீட்டுக்கு வந்து குறிப்பேட்டில் எழுதினேன். அப்போது மணி நாலு நாற்பது.

ஐந்து இருபதுக்கு எதிர்வீட்டு அக்கா என் வாசலில் நின்றார். முழங்கை வரை மாவு.

“ஏனுங்க சார், எங்கூட்டுக்காரரப் பாத்தீங்ளா?”

“கரைக்கு வந்துட்டாருங்க அக்கா. எண்ணிட்டேன். டீக்கடைல இருப்பாரு.”

“டீக்கடை போய்ட்டுத்தான் வாரேன். அங்க இல்லீங்.”

“கோயல்ல கொட்டாய் போடறாங்களே, அங்க கை குடுத்துட்டு இருப்பாரு.”

“அங்கயும் பாத்தாச்சு. மைக்கு பக்கத்துல நின்னு கேட்டாச்சு. சார் சொன்னாருன்னு அவன் சொல்றான்.”

“ரெண்டு தரம் எண்ணுனேங்க. பதினொண்ணு. கணக்கு சரியாத்தான் இருக்குது.”

“கணக்கு இருக்குது சார். ஆளு எங்கீங்?”

அவர் குரலை உயர்த்தவில்லை. “வாங்க, போய்ப் பாக்கலாம்” என்றேன். என் கணக்கை அவருக்குக் காட்டத்தான் கூட்டிப்போனேன். இப்போது நினைத்தால் அதுவும் உறுத்துகிறது.

கரையில் அவர் எண்ணவில்லை. ஒவ்வொரு பரிசலாகத் தொட்டுக்கொண்டு போனார். விளிம்பில் கட்டிய முடிச்சைப் பார்த்து இன்னார் வீட்டுடையது, இன்னாருடையது என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனார். ஏழாவது பரிசலில் கை வைத்தவர் கையை எடுத்துப் பார்த்தார். உள்ளங்கை கறுத்திருந்தது. மாவின் மேல் தார். அதை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

“இது தண்ணிக்கே போவலைங்க சார்.”

அந்தப் பரிசல் யாருடையது என்று கேட்டு அலைய வேண்டியிருக்கவில்லை. வெற்றிலைப் பையோடு பெரியவர் ஒருவர் அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். ஊரில் எல்லாரையும் கிண்டல் செய்கிறவர்.

“என்ன சார், எங்க பரிசலுக்கு நம்பர் போடறீங்ளா?”

“உங்க பரிசல் எதுங்க?”

“மூணாவது கெடக்குதே, அது பழசு. இது மருமவன் ஊட்டுலருந்து வாங்கியாந்தது. காலைலதான் தார் பூசுனேன். எப்பவும் களத்துலதான் காயப் போடறது. களத்துல பந்தக்காலு நட்டுட்டாங்களே, எங்க கொண்டு போறது? இங்க கவுத்து வெச்சேன்.”

சொல்லிக்கொண்டே வந்தவர் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து நிறுத்தினார். வெற்றிலையைத் துப்பினார். யாரும் அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு கிடக்க வேண்டிய கரையில் பதினொன்று கிடந்தது.

அவர் கோயிலைப் பார்த்துக் கத்தினார். “பாட்ட நிறுத்துங்கடா. மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்துங்க.”

பாட்டு நின்றது. தண்ணீரிலிருந்து யாராவது கூப்பிட்டால் கேட்க வேண்டும் என்பதற்காக என்று பிறகுதான் புரிந்தது. மைக்செட்காரர் ஓடி வந்தார். “மறுக்கா அறிவிப்புக் குடுக்கட்டுங்ளா சார்?” என்றார். என்னவென்று கொடுப்பது? அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். ஐந்து ஐம்பதுக்கு மூன்று பரிசல்கள் தண்ணீரில் இறங்கின. காற்று அடங்கியிருந்தாலும் அலை இருந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் நான் பாரம்தான்.

நானும் அக்காவும் கரையில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றார்கள். மாவிளக்குக்கு வைத்த தட்டுகள் கோயில் படியில் அப்படியே இருந்தன. யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒரு பெண் மட்டும், தன் பக்கத்தில் இருந்தவளிடம் பேசுவதுபோல, “நாம கண்ணுல பாக்காம காதுல கேட்டுட்டு உள்ள போனமே” என்றாள். அது என்னைச் சொன்னதல்ல, தங்களைச் சொல்லிக்கொண்டது. அது இன்னும் கனமாக இருந்தது.

எதிர்வீட்டு அக்கா அழவில்லை. கேள்விகள் கேட்டார். காற்று எந்நேரம் வந்ததுங்க? எந்தப் பக்கத்துக் காற்று? மேற்கு என்றேன். “அப்ப கெழக்க தள்ளியிருக்கும்” என்றார். மழை எத்தனை நேரம்? இருபது நிமிடம் என்றேன். இதற்கெல்லாம் என்னிடம் சரியான பதில் இருந்தது. துல்லியமாக, மணியோடு. தார் பட்ட கையை அவர் மடக்கியே வைத்திருந்தார்.

கிழக்கே, தண்ணீர் இறங்கியதால் மேலே வந்த ஒரு பாறைத்திட்டு உண்டு. மூன்று பரிசலில் ஒன்று அந்தப் பக்கம் போனது. அது திரும்பி வருவது ஆறரைக்குத் தெரிந்தது, வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. போகும்போது இரண்டு பேர். வரும்போது எத்தனை தலை என்று எண்ண முயன்றேன், முடியவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. அக்காதான் சொன்னார், “மூணு” என்று. ஒரே வார்த்தை. பிறகு தண்ணீருக்குள் இறங்கி இடுப்பளவுக்குப் போனார்.

எதிர்வீட்டுக்காரர் உட்கார்ந்துதான் வந்தார். இடது தோள் இறங்கியிருந்தது, கை சொன்னபடி கேட்கவில்லை. அலை பரிசலைப் பாறையில் மோதிக் கவிழ்த்திருக்கிறது, திட்டில் ஏறிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். “ரெண்டே வலைன்னு சொன்னீங்களே” என்று அக்கா கேட்டார். “ரெண்டுந்தான் போச்சு” என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் சிலர் அழுதார்கள்.

மறுநாள் கம்பம் நட்டார்கள். மாவிளக்கு எடுத்தார்கள். அக்காவின் உள்ளங்கையில் தார்க்கறை அப்போதும் போகவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் ஓரத்தில் நின்றது. பெரியவர் தன் புதிய பரிசலின் அடியில் வெள்ளைச் சுண்ணாம்பில் பெருக்கல் குறி போட்டார். இப்போது அங்கே தார் காயும் பரிசல் எல்லாவற்றிலும் அந்தக் குறி உண்டு. எண்ணும் வேலையை நான் விட்டுவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த காற்றின்போது ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவரவர் பதில் குரல் கொடுத்தார்கள்.

எதிர்வீட்டுக்காரரின் தோள்தான் முழுதாகச் சரியாகவில்லை. மருத்துவமனையில், இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்று சொன்னார்களாம். அவரால் இடது கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. இப்போது வலையை அக்கா எடுக்கிறார். அவர் துடுப்புப் போடுகிறார், ஒரு பக்கமாகவே.

அதனால் எனக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டியிருக்கிறது. பரிசல் கவிழ்ந்தது நாலரைக்கு முன்பா, பின்பா? நான் எண்ணிய நேரத்தில் அவர் ஏற்கெனவே திட்டில் இருந்தார் என்றால், சரியாக எண்ணியிருந்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் முன்னதாக ஆட்கள் கிளம்பியிருப்பார்கள். அவரிடம் கடிகாரம் இல்லை. போன் தண்ணீரில் போய்விட்டது. ஒரே அடையாளம் மைக் அறிவிப்பு. காற்று மேற்கிலிருந்து அடித்ததால் அது அவருக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது.

எல்லாரும் கரைக்கு வந்தாச்சு என்று கேட்டபோது பாறையைக் கட்டிப்பிடித்தபடி சிரித்துவிட்டதாக அவர் டீக்கடையில் சொல்லியிருக்கிறார். மூன்று பேர் தனித்தனியாக என்னிடம் அதைச் சொன்னார்கள். நான் நேரில் கேட்டபோது வேறு மாதிரி சொன்னார்.

“அப்ப நானு பரிசல்லதான் சார் இருந்தேன். துடுப்புப் போட்டுட்டு இருந்தேன். அதுக்கப்பறந்தான் கவுந்துச்சு. நீங்க எதுக்கு அதையே நெனச்சுட்டு இருக்கறீங்க?”

அக்காவிடம் கேட்டேன். “அவுரு என்ற கிட்ட அதப் பத்திப் பேசறதே இல்லீங்” என்றார்.

அறிவிப்பு வந்தபோது அவர் பரிசலில் இருந்தாரா, பாறையில் இருந்தாரா என்பதை என்னால் இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.