சவிட்டு என்றால் நில் என்று அர்த்தம்

சாந்தன்பாறையிலிருந்து கோமதி அக்கா கூப்பிட்டபோது நான் தென்னந்தோப்பில், ஓடாத மோட்டாரைத் திட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அக்கா எப்போதும் முதலில் என் மகள் மேகலாவைத்தான் விசாரிப்பார். அன்று விசாரிக்கவில்லை. "தம்பி, அவுக போயிட்டாக" என்றார். "எங்கீங்க்கா போயிட்டாரு?" என்று கேட்டேன். அவர் வீட்டுக்காரர் செல்லத்துரை அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் எங்காவது போவது புதிதில்லை. ஒரு முறை டயர் வாங்கப் பூப்பாறைக்குப் போனவர், யாருடைய கல்யாணம் என்றே தெரியாமல் கம்பம்மெட்டில் பந்தியில் உட்கார்ந்திருந்தார். அதனால்தான் அப்படிக் கேட்டேன். பக்கத்தில் யாரோ அழுதது கேட்ட பிறகுதான் என் மண்டையில் ஏறியது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

அவரைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்று நம் சைக்கிள் கிளப்பில் பேச்சு வந்தபோது எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சையைத் திரும்பத் திரும்ப எழுதியவன், எழுதிப் பழக்கம் உண்டு என்று ஒருவர் காரணம் சொன்னார். உண்மையான காரணம் வேறு. அவரோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான். உங்களில் சிலர் அவரோடு சில மாதம் பேசாமல் இருந்திருப்பீர்கள். எனக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. நான் பேசாமல் இருந்தால் அவரே கூப்பிட்டு, ஏன் பேசவில்லை என்று சண்டை போடுவார்.

கிளப்புக்குப் புதிதாக வந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களையும் மூட்டைகளையும் ஏற்றிப்போகும் ஜீப் அவருடையது. இடுக்கி ஜில்லா சாந்தன்பாறையில் மலைப்பாதைச் சைக்கிள் பந்தயம் ஆரம்பித்த காலத்தில், சைக்கிள்களை மேலே கொண்டுபோக ஒரு வண்டி தேவைப்பட்டது. அப்படி வந்தவர். வந்தவர் பிறகு போகவேயில்லை. பந்தயத்தில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது. ஆனால் ஒவ்வொரு விஷயத்திலும் ஓர் அபிப்பிராயம் இருந்தது; அதைச் சொல்ல மலை முழுக்கக் கேட்கும் ஒரு குரலும் இருந்தது.

எங்கள் முதல் சண்டை சைக்கிளைக் கட்டுவதில். நாங்கள் பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறைக்காரர்கள். உடுமலை, மறையூர், மூணாறு என்று சுற்றி வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தோம். வாந்தி எடுத்தது நான். மகள் நன்றாகத் தூங்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய பந்தயச் சைக்கிளைப் பிறந்த குழந்தையைப் போலப் போர்வையில் சுற்றி வைத்திருந்தோம். அண்ணன் போர்வையை உருவி எறிந்துவிட்டு, அதை ஜீப்பின் மேல் தலைகீழாகப் போட்டு, மூட்டைக் கயிற்றால் முறுக்கிக் கட்டினார்.

"ஏனுங்ண்ணா, மெதுவாக் கட்டுங்க. நசுங்கிப் போயிருமுங்க."

"ஒரு தோட்டத்துச் சனமே தொங்கிட்டுப் போற வண்டி இது, சம்சாரி. இந்த ஒட்டடக்குச்சிக்கு என்ன வந்துச்சு?"

அவர் பேச்சில் சம்சாரி என்றால் விவசாயி. நல்ல குடும்பஸ்தன் என்று என்னைப் பாராட்டுகிறார் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அன்று ஜீப்பில் குலுங்கிக்கொண்டே, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டபோதெல்லாம் "இந்தா, ஒரு வளைவுதான்" என்றார். அந்த மலையில் அவருக்கு எல்லா ஊரும் ஒரு வளைவுதான்.

அப்படி ஒரு வளைவில்தான் வினை வந்தது. பாதை செங்குத்தாக இறங்கி, ஏலச்செடிகளுக்குள் சட்டென்று இடப்பக்கம் திரும்பும் இடம் அது. இறங்கி வரும் பிள்ளைகளை எச்சரிக்க யாராவது நிற்க வேண்டும். குரல் இருக்கிறதே என்று அண்ணனை நிறுத்தினார்கள். அவரும் தொண்டை கிழியக் கத்தினார். "சவிட்டு தாயி, சவிட்டு, நல்லாச் சவிட்டு."

சவிட்டு என்பது மலையாளத்திலிருந்து நம் எல்லோருடைய வாயிலும் வந்து ஒட்டிக்கொண்ட சொல். காலால் மிதி, அவ்வளவுதான். ஆனால் எதை மிதிப்பது என்பதில்தான் பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் நடுவில் ஒரு மலையே நிற்கிறது. எங்கள் ஊரில் சைக்கிளைத்தான் சவிட்டுவார்கள். பெடலை மிதி, வேகமாகப் போ என்று பொருள். அண்ணனோ பிழைப்பு முழுக்க ஜீப்பில் கழித்தவர். அவருக்குச் சவிட்டு என்றால் பிரேக்கை மிதி, வண்டியை நிறுத்து. என் மகள் சொன்ன சொல் கேட்கிற பிள்ளை. நன்றாகவே சவிட்டினாள். வளைவு திரும்பியது, அவள் திரும்பவில்லை. ஏலச்செடிகளைத் தாண்டிப் போய் விழுந்து தோள் எலும்பு முறிந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் நானும் நின்றோம்.

"அம்புட்டுத் தடவ சொன்னேன், சவிட்டு சவிட்டுன்னு. கேட்டாளா உங்க மக?"

"கேட்டதுனாலதானுங்க இங்க படுத்துக் கிடக்கறா."

"சவிட்டியிருந்தா நின்னிருக்கணும்ல?"

"சவிட்டுனா எப்படீங்க நிக்கும்? ஓடுமுங்க."

"எந்த ஊரு வண்டியய்யா சவிட்டுனா ஓடும்?"

நர்ஸ் வந்து, வெளியே போய்ச் சண்டை போடுங்கள் என்றார். கட்டிலிலிருந்து மேகலா மெல்லச் சொன்னாள். "பெரியப்பா, சைக்கிள்ல பிரேக்கு கையிலீங்க." அண்ணன் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்கப் போகிறார் என்று நானும் முகத்தைப் பெருந்தன்மையாக வைத்துக்கொண்டேன். "அப்படின்னா கால் எதுக்கு?" என்று கேட்டார். மேகலா சிரிக்கப் போய், வலியில் அழுதாள். மறுநாள் மரவள்ளிக் கப்பையும், காந்தாரி மிளகாயில் அரைத்த சம்மந்தித் துவையலும் கொண்டுவந்தார். எலும்பு சீக்கிரம் கூடுமாம். யார் சொன்னது என்று கேட்டேன். "நான்தான் சொல்லுதேன்" என்றார்.

இனி மலை கிடையாது என்று முடிவு செய்தேன். சைக்கிள் வேண்டுமானால் திருவனந்தபுரத்தில் இருக்கும் வட்டப் பந்தயத் தளத்தில் ஓட்டட்டும். மழையில்லை, சேறில்லை, ஏலச்செடியில்லை, முக்கியமாகச் செல்லத்துரை இல்லை. நான் நினைத்தது அது. அவர் ராத்திரி பஸ் பிடித்து அங்கேயும் வந்து சேர்ந்தார். தொட்டியின் சுவர் போல் சாய்ந்திருந்த தளத்தை முறைத்துப் பார்த்தார். பிறகு மேகலாவின் சைக்கிளைப் பார்த்தார். தளத்தில் ஓட்டும் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலாலேயே பெடலை எதிர்த்து அமுக்க வேண்டும்.

"பிரேக்கே இல்லாத வண்டியில புள்ளைய ஏத்திட்டு, என்னையக் கொலகாரன்னு ஊரெல்லாம் சொல்லுதீக" என்று ஆரம்பித்தார். மேகலா அவரைச் சமாதானப்படுத்துவதாக நினைத்து, காலால் நிறுத்தும் வித்தையை விளக்கினாள். நான் கண்ணைக் காட்டினேன், வேண்டாம் சாமி என்று. அவள் கவனிக்கவில்லை. அண்ணனின் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப, சவிட்டுனா நிக்கும்."

"இந்த வண்டியில மட்டுமுங்க பெரியப்பா."

"சவிட்டுனா நிக்கும்" என்று என் பக்கம் திரும்பி மறுபடியும் சொன்னார். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அதைத்தான் சொன்னார். ஒரு வருஷமாக நான் ஜெயித்து வைத்திருந்த சண்டையில் அன்று தோற்றேன்.

அதற்கு மேல் ஒரு தலைவலி காத்திருந்தது. மேகலாவுக்குத் தளம் பிடிக்கவில்லை. "செக்கு மாடாட்டச் சுத்துனதையே சுத்தறனுங்கப்பா. எனக்கு மலை வேணும்." அந்த வருஷம் மாநில அணிக்கு ஆள் எடுப்பது சாந்தன்பாறைப் பந்தயத்தில்தான். முதல் மூன்று பேருக்கு இடம். அதே பாதை, அதே வளைவு. முடியாது என்றேன். அவள் சண்டை போடவில்லை. சைக்கிளைத் துடைத்து மாட்டுக் கொட்டகையில் மாட்டிவிட்டு, பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அது அவளைவிட எனக்குத்தான் தாங்கவில்லை. அண்ணன் தினமும் போன் செய்தார். "பயம் உமக்கு. படுத்துக்கிட வேண்டியது நீரு. அவ எதுக்குப் படுக்கணும்?" நான் வைத்துவிடுவேன். மறுபடி அடிக்கும்.

கடைசியில் என்னை வரவழைத்து அந்த வளைவுக்கு நடத்திக் கூட்டிப்போனார். அட்டை கடித்தது. சேற்றில் இரண்டு முறை உட்கார்ந்தேன். ஒரு முறை வழுக்கி, ஒரு முறை முடியாமல். போய்ப் பார்த்தால், வளைவின் வெளிப்பக்கம் முழுக்க, பழைய சாக்குகளில் சருகைத் திணித்து மதில் மாதிரி அடுக்கி மரங்களோடு கட்டியிருந்தார். தோட்டத்துச் சாக்கு ஒன்றையும் விட்டுவைக்கவில்லை போல. "விழுந்து பாரும்" என்றார். நான் யோசிப்பதற்குள் தள்ளிவிட்டார். சாக்குக்குள் முகம் புதைந்து கிடந்தேன். எங்கும் வலிக்கவில்லை. அதை ஒப்புக்கொள்ள மனம் வராமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தேன். எழுந்ததும், சரி, ஓட்டட்டும் என்றேன். ஆனால் அந்தச் சொல்லை மட்டும் சொல்லக்கூடாது, "பிடி" என்று கத்த வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். கோமதி அக்கா முன்னால் சத்தியம் செய்தார்.

பந்தயத்தன்று மேகலாவுக்கு முன்னால் நான்கு பிள்ளைகள். வளைவு வந்தது. பழக்கம் சத்தியத்தைவிடப் பெரியது. "சவிட்டு" என்று மலை அதிரக் கத்தினார். முன்னால் போன நான்கு பேரும் உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து மிதித்தார்கள். வரிசையாகச் சாக்குக்குள் போய் விழுந்தார்கள். என் மகளுக்குத்தான் அவருடைய பாஷை தெரியுமே. பிரேக்கைப் பிடித்து, அழகாகத் திரும்பி, முதலாவதாக வந்தாள். விழுந்த பிள்ளைகள் தலையில் சருகோடு நடந்து வந்தார்கள். ஒருவருக்கும் காயமில்லை. அவர்களுடைய பயிற்சியாளர் மட்டும் என் சட்டையைப் பிடித்து, "இது சதியாணல்லோ" என்றார். சதி இல்லை, வேறு ஜில்லாப் பேச்சு என்று நான் விளக்கினேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் பந்தயத்தை மறுபடி நடத்தத் தீர்ப்பானது. செல்லத்துரை வாயைத் திறக்கக்கூடாது, கொடி மட்டும் காட்ட வேண்டும். அதற்குக் காவலாக அந்த வளைவில் நான் நிற்க வேண்டும். இதுதான் எனக்கு வந்த தண்டனை. உங்களுக்குத் தெரியும், நான் எந்தப் பந்தயத்தையும் பார்த்தவன் இல்லை. பிள்ளை இறங்கும் நேரத்தில் டீக்கடைப் பக்கம் போய், மலைக்கு முதுகைக் காட்டி நிற்பவன். அன்று போக்கிடம் இல்லை. ஒரு கையால் அவர் வாயைப் பொத்தி, மறு கையால் அவர் தோளைப் பிடித்து நின்றேன். உண்மையில் யாரை யார் பிடித்திருந்தோம் என்று எனக்குத் தெரியவில்லை. மேலே சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டது. நான் கண்ணை மூடினேன். அவர் என் கையை வாயிலிருந்து விலக்கி, வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசினார். "பாரும்யா. உம்ம புள்ளதான."

பார்த்தேன். அவள் விழப்போகும் பிள்ளை மாதிரி வரவில்லை. உடம்பைப் பின்னால் தள்ளி, முழங்கையை விரித்து, எங்கே திரும்ப வேண்டும் என்று தெரிந்து வந்தாள். ஒரு கணம் எங்களைப் பார்த்தாள். இரண்டு கிழடுகள் கட்டிப்பிடித்து நிற்பதைப் பார்த்துச் சிரித்தாள் என்றுகூட நினைக்கிறேன். போய்விட்டாள். எனக்குத் தெரியாத ஒரு பெண்ணை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அன்று அவள் நான்காவதாக வந்தாள். அணியில் இடம் இல்லை. "என்னைய வாயத் தொறக்க விட்டிருந்தா மொத ஆளா வந்திருப்பா" என்று அண்ணன் ஊர் முழுக்கச் சொன்னார். கடைசி வரைக்கும் அதை என் தலையில்தான் கட்டினார்.

அடுத்த மாதம் அதே பாதையில் மறுபடி மாநில அணித் தேர்வு. மேகலா இறங்குகிறாள். துக்கத்துக்குப் போய் வந்த அன்று, வளைவில் யார் நிற்பது என்று பந்தயக்காரர்கள் கேட்டார்கள். என் பெயரைச் சொன்னேன். என் தொண்டையை அவர்களுக்குத் தெரியும். பக்கத்து வரப்புக்குக்கூடக் கேட்காது. அதனால் விசில் கொடுப்பார்களாம். "பயமா இருந்தா வேண்டாமுங்கப்பா" என்றாள் மேகலா. பயமாகத்தான் இருக்கிறது சாமி, அது போகாது என்றேன்.

செல்லத்துரை அண்ணன் எனக்குத் தைரியம் எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவருடைய சத்தம் எனக்கு வராது, பிடிவாதம் வேண்டவே வேண்டாம். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது மலையைப் பார்த்து நிற்பது ஒன்றுதான். அவள் வந்து கடக்கிற வரைக்கும் கண்ணைத் திறந்து வைத்திருப்பேன்.