ஈயக் காசுக்கு ஒரு பள்ளம்

தையல்காரிக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தைக்க வந்த பட்டுத் துணியில் தேநீர் கொட்டிவிட்டது. துணி ஏன் கட்டிலில் கிடந்தது? பீரோவில் இடம் இல்லை. பீரோவில் ஏன் இடம் இல்லை? அங்கேதான் அவள் வீட்டுக்காரரின் காசுகள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தனவே!

அவர் பேருந்து நடத்துனர். பகலெல்லாம் சில்லறையோடு மல்லுக்கட்டுகிற மனுஷன், வீட்டுக்கு வந்தும் காசையே கட்டிக்கொண்டு அழுதால் என்ன செய்வது? அதுவும் தங்கமா, வெள்ளியா? துத்தநாகம், அலுமினியம், இரும்பு! போர்க்காலத்தில் செம்பு கிடைக்காமல் அடித்தவையாம். போதாததற்குப் பழைய சாமான் கடையில் கண்டெடுத்த ஈயக் காசு ஒன்று. அதுதான் அவருக்குச் செல்லம்.

"தங்கத்தை எவனும் பத்திரமா வைப்பான். இதுங்களை யார் சீந்துவா, சொல்லு?" என்பார்.

ஈரம் ஆகாது, வியர்வை ஆகாது, பூச்சி உருண்டை ஆகாது. செருப்புக் கடையில் கெஞ்சி வாங்கிய ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் பீரோ முழுக்க அடைந்து கிடந்தன. அவள் பக்கத்தில் போனாலே, "முதல்ல கையைக் கழுவு! விளிம்பைப் பிடி!" என்று பதறுவார். பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் இப்படித் தாங்கியதில்லை.

"இன்னொரு துணி பாழாச்சுன்னா ஒருத்தரும் என்கிட்ட தைக்க வரமாட்டாங்க. என் பீரோ எனக்கு வேணும்" என்றாள் அன்று. சொன்னதோடு நிற்கவில்லை. தெருமுனைத் தச்சரிடம் போய், ஒவ்வொரு காசுக்கும் ஒரு பள்ளம் வெட்டி, மூடி போட்ட மரப்பெட்டி ஒன்று செய்யச் சொன்னாள். அதைப் போய் வாங்கி வந்தவர் அவர்தான். பள்ளங்களில் காசுகளை அடுக்கினார். வாயைத் திறக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

துணிகள் பீரோவுக்குத் திரும்பின. கட்டிலில் கட்டையை நீட்டிப் படுக்க முடிந்தது. சில மாதம் நிம்மதி.

ஒருநாள் தூசி தட்டும்போது மூடியைத் திறந்தாள். ஈயக் காசு வெளுத்துப் பூத்துக் கிடந்தது, மாவில் புரட்டி எடுத்த மாதிரி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே தச்சரிடம் போனாள்.

"என்ன மரத்தைப் போட்டு ஏமாத்தினீங்க?"

"நல்ல மரம்தாம்மா. ஆனா புது மரம் புளிப்பா ஆவி விடும், ஈயத்துக்கு ஆகாதுன்னு உங்க வீட்டுக்காரரே பெட்டி வாங்க வந்தப்ப சொன்னாரே. அப்படின்னா வேணாம், விட்டுட்டுப் போங்கன்னேன். 'அவ ஆசையா செய்யச் சொன்னது'ன்னு தூக்கிட்டுப் போயிட்டாரு."

வீடு வரும்வரை பொருமிக்கொண்டே வந்தாள். அவர் அப்போதுதான் வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பூத்துடும்னு தெரிஞ்சேதான் வச்சீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார்.

"அது ஒண்ணை மட்டும் ஒரு டப்பாவுல போட்டிருக்கலாமே!"

"ஒரு பள்ளம் காலியா இருந்தா நீ ஏன்னு கேப்ப. அப்புறம் காசுக்காகப் பீரோவைத் திரும்பக் காலி பண்ணுவ. உன் பொழைப்பு அதுல இருக்கு."

"நாள் முழுக்க ஈயம், தகரம்னு என் காதைத் துளைக்கிறீங்க. சொல்ல வேண்டிய நேரத்துல மட்டும் வாய்க்குப் பூட்டா? உங்களைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு இருக்கே!" கத்திக்கொண்டே பீரோவின் மேல்தட்டுத் துணிகளை அள்ளிக் கீழ்த்தட்டில் திணித்தாள். "மேல உங்களுக்கு, கீழ எனக்கு. கட்டில்ல ஒண்ணும் கிடக்கக் கூடாது. பெட்டியில என் பொத்தானைப் போட்டுக்கறேன்." ஈயக் காசை விரல்களால் வெடுக்கென்று எடுத்து முதலில் அதை மேல்தட்டில் வைத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லட்டுமா?" என்றார் அவர் மெதுவாக.

"சொல்லித் தொலைங்க!"

"போய்க் கையைக் கழுவு. அந்த வெள்ளைப் பொடி உனக்கு ஆகாது, விஷம்."

இத்தனை வருஷத்தில் காசைத் தொடுவதற்கு முன்னால்தான் கையைக் கழுவச் சொல்லியிருக்கிறார். அவள் அவரை முறைத்துப் பார்த்தாள். பிறகு குழாயைத் திறந்து, தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள்.