ஹவில்தார் துப்பாக்கிக்குப் புதுக் கட்டை

ரங்கூனின் பசுந்தாங் பகுதியில் மேசை நாற்காலி செய்துவந்த செல்லக்கண்ணு ஆசாரிக்கு எல்லாமே தேக்குதான். தேக்கு மலிந்த அந்த ஊரில் தச்சனுக்கு வேறு மரம் எதற்கு? 1926-இல், ஓய்வுபெற்ற ஹவில்தார் காஜா மைதீன் தன் தகப்பனாரின் பட்டாளத்துத் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். குழலும் விசையும் நன்றாக இருந்தன; தோளில் அணைக்கும் மரக்கட்டையைத்தான் கரையான் தின்றிருந்தது. ஆசாரி பழக்கதோஷத்தில் தேக்கிலேயே புதுக் கட்டை செய்துகொடுத்தார்.

பசுந்தாங் ஓடைக்கு அப்பால், தாகேதா ஊர் வயல்வெளியில் ஹவில்தார் சுட்டுப் பார்த்தார். முதல் வெடியிலேயே, கைபிடிக்கும் ஒடுக்கத்தில் கட்டை பிளந்தது.

"போகட்டும் ஆசாரி. ஒட்டிக் குடுங்க, சுவத்துல மாட்டிக்கிறேன்," என்றார்.

ஆசாரிக்குச் சுருக்கென்றது. "சுவத்துல மாட்ட நான் என்ன படமா செஞ்சேன்? சுடாம இதை உங்க கையில குடுக்க மாட்டேன், பாய்!"

திரும்பும் வழியில், பாரம் ஏற்றிய மாட்டுவண்டி ஒன்று கல்ரோட்டில் குதித்துக் குதித்துப் போனது. அத்தனை அடியையும் தாங்கி உருண்ட அதன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்ற ஆசாரி, நேரே வண்டிப்பட்டறைக்குப் போய், சக்கரத்துக்குப் போடும் படாக் மரத்தில் ஒரு துண்டு வாங்கினார். மரமா அது, இரும்பு. உளி மழுங்க மழுங்கத் தீட்டிச் செதுக்கினார். துப்பாக்கியின் இரும்பில் விளக்குக்கரியைத் தடவி மரத்தில் அழுத்துவார். மேடாக நின்று கரி ஒட்டிய இடத்தை மட்டும் சுரண்டுவார். இடுக்கில் மயிரிழைகூட நுழையாதபடி பொருந்தும்வரை விடவில்லை.

மறுபடியும் அதே வயல். ஹவில்தார் கை நீட்டினார், ஆசாரி கொடுக்கவில்லை. அதுவரை துப்பாக்கி சுட்டறியாதவர், கட்டையைத் தன் தோளில் வைத்துக் கன்னத்தையும் பதித்துச் சுட்டார். புகை விலகியபோது சேற்றில் மல்லாந்து கிடந்தார். எழாமலே கட்டையைத் தடவிப் பார்த்தார். கீறல் இல்லை.

"இந்தாங்க பாய்," என்று நீட்டினார். "இப்ப வேணும்னா சுவத்துல மாட்டிக்குங்க."